மேசைமேல் ஒரு டாஷ்ஹண்ட்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் வந்த நாய்க் கண்காட்சிப் படங்களைப் பார்த்துவிட்டு டாஷ்ஹண்ட் பற்றிப் பல வாசகர்கள் கேட்டிருந்தார்கள். 23 ஆண்டுகளாக இந்த இனத்துக்கு நடுவராக இருந்துவரும், ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை ஒருவரிடம் கடிதங்களைக் கொடுத்தோம். பதில்கள் அவருடையவை.

கே.எம்., ஈரோடு: நாயை மேசையில் ஏற்றிவைத்து நடுவர் தடவித் தடவிப் பார்க்கிறார். கண்ணால் பார்த்தால் தெரியாதா அம்மா? கையால் எதைத் தேடுகிறீர்கள்?

கண்ணுக்குப் பாதிதான் தெரியும். மீதியை ரோமமும், நாயைப் பிடித்திருப்பவரின் சாமர்த்தியமும் மறைத்துவிடும். நீளமுடி நாயின் தளர்ந்த தோளைச் சீப்பால் சரிசெய்யலாம். குட்டைமுடி நாயின் கோணல் முன்காலை எடுத்துச் சரியான இடத்தில் ஊன்றிவைத்தால் ஒரு நிமிடம் நேராகத்தான் நிற்கும். அதனால்தான் கை.

இந்த நாய் எந்த வேலைக்காக உருவானது என்று தெரிந்தால் கை தேடுவதும் புரிந்துவிடும். ஜெர்மன் மொழியில் ‘டக்ஸ்’ என்றால் வளைக்கரடி, ‘ஹுண்ட்’ என்றால் நாய். வளைக்கரடி மண்ணுக்கடியில் நீளமாகக் குடைந்து வாழும். அந்த இருட்டுக்குள் தனியாகப் புகுந்து, மண்ணைப் பறித்துப் பின்னால் தள்ளி, தன்னைவிட வலுவான ஒரு பிராணியை எதிரில் நின்று குரைத்தே மடக்கிவைக்க வேண்டும். மேலே நிற்கும் வேட்டைக்காரர் அந்தக் குரலைக் கேட்டுத்தான் எங்கே தோண்டுவது என்று தெரிந்துகொள்வார். குட்டைக் கால், நீண்ட உடல், அளவுக்கு மீறிய குரல் எல்லாமே அந்த வளைக்காக வந்தவை. இன்று மேசைமேல் நிற்கும் நாய் வளைக்கரடியை வாழ்நாளில் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் உடம்பை அந்த வேலைக்கு அளந்துதான் பார்க்கிறேன். வேறு எதற்கு அளந்தாலும் அது அந்தந்தக் காலத்து மோகமாகிவிடும்.

நாய் என்னைப் பார்க்கும்படி முன்பக்கமிருந்துதான் போவேன். முதலில் வாய். உதட்டை மட்டும் தூக்கினால் போதும், தாடையைப் பிளக்க வேண்டாம். மேல் வெட்டுப்பற்கள் கீழ்ப்பற்களை உரசியபடி கத்தரிக்கோல் போல மூட வேண்டும். முழு வரிசை 42 பற்கள்.

அடுத்து மார்பு. டாஷ்ஹண்டின் மார்பெலும்பு முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். உள்ளங்கையைக் குவித்து வைத்தால் கை நிறைய வேண்டும். அங்கிருந்து விரலை முன்கால்களுக்கு நடுவே விட்டு, எலும்பின் மேலேயே பின்னோக்கி நகர்த்துவேன். கப்பலுக்கு அதன் அடியில் நீளவாக்கில் ஓடும் ஏரா மரம் எப்படியோ அப்படி இந்த நாய்க்கு அந்த எலும்பு. அது நீண்டு போக வேண்டும். விலாக்கூடும் அதோடு சேர்ந்து பின்னால் வெகுதூரம் வர வேண்டும். சில நாய்களில் விரல் நான்கு அங்குலம் போனதும் எலும்பு சட்டென்று முடிந்து மெத்தென்ற வயிறு வந்துவிடும். பக்கவாட்டில் பார்த்தால் அழகாகவே இருக்கும். ஆனால் அந்த நீண்ட முதுகை அடியிலிருந்து தாங்க அங்கே ஒன்றுமில்லை.

பிறகு தோள்பட்டை எலும்பு, மேல்கை எலும்பு. இரண்டும் ஏறத்தாழ ஒரே நீளத்தில், செங்கோணத்துக்கு நெருக்கமாகச் சேர வேண்டும். மேல்கை குட்டையாக இருந்தால் நாய் நீட்டி நடக்காது, தையல் ஊசிபோலக் குத்திக் குத்தி நடக்கும். முழங்கை உடம்போடு ஒட்டியிருக்கிறதா, அல்லது என் விரல் உள்ளே புகும் அளவுக்கு ஆடுகிறதா என்று பார்ப்பேன். பாதங்களைத் தூக்கி அடிமெத்தையை அழுத்துவேன். மண் தோண்டும் நாய்க்கு அது தடிப்பாக இருக்க வேண்டும். ஆண் நாய்க்கு இரண்டு விதைகளும் இறங்கியிருக்க வேண்டும்.

கடைசியாகக் கட்டைவிரலை முதுகெலும்பின் மேல் வைத்து, கழுத்தடியிலிருந்து வாலின் நுனி வரை ஒரே இழுப்பு. வால் என்பது முதுகெலும்பின் தொடர்ச்சிதானே. அதில் பச்சைப்பயறு அளவுக்கு ஒரு முடிச்சு இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தட்டும். முதுகில் ஏதாவது ஓர் இடத்தில் நாய் சுருங்கினால் அதோடு நிறுத்திவிடுவேன். அந்த நாயை இன்னொரு முறை அழுத்த எனக்கு உரிமையில்லை.

இவ்வளவுக்கும் ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடமும் நாயின் இதயம் என் இடது உள்ளங்கையில் அடித்துக்கொண்டிருக்கும். முதல்முறை ரிங்குக்கு, அதாவது போட்டிக் களத்துக்கு, வந்த குட்டிக்கு அது படபடவென்று அடிக்கும். நான் பேசிக்கொண்டே இருப்பேன். வாலை நீவி முடிக்கும்போது துடிப்பு சற்று அடங்கியிருக்கும். மதிப்பெண் தாளில் இதற்குக் கட்டம் கிடையாது. ஆனாலும் எந்தக் குட்டி எவ்வளவு சீக்கிரம் அடங்கியது என்பது என் நினைவில் இருக்கும்.

எஸ். ஆர்., திண்டுக்கல்: வயிறு தரையைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்திருந்தால்தான் அசல் டாஷ்ஹண்ட் என்று குட்டி விற்ற தரகர் சொன்னார். உண்மையா?

பொய். இந்தப் பொய்யால் எத்தனை நாய்கள் படுத்துவிட்டன என்று நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது.

எஃப்.சி.ஐ. என்ற சர்வதேச அமைப்பின் நூற்றுக்கணக்கான இன வரையறைகளில் 148-ஆம் எண் டாஷ்ஹண்டுக்கு உரியது. மார்பின் அடிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி, தோள் உயரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. தோள் உயரம் 21 செ.மீ. என்றால் இடைவெளி 7 செ.மீ. உங்கள் நான்கு விரல்களைச் சேர்த்து நாயின் மார்புக்கு அடியில் கிடையாக நுழைத்துப் பாருங்கள், தாராளமாகப் போக வேண்டும். நீளத்துக்கும் எல்லை உண்டு: உடல் நீளம் தோள் உயரத்தைப்போல 1.7 முதல் 1.8 மடங்கு. பிரிட்டிஷ் வரையறையும், தடையில்லாமல் நடமாடும் அளவுக்கு உடல் தரையிலிருந்து எழும்பியிருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. வளைக்குள் போகிற நாயின் மார்பு மண்ணில் இழுபட்டால் அது எப்படித் தோண்டும்?

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் நடுவராகி மூன்றாவது ஆண்டு. ஓர் இனக் கிளப்பின் கண்காட்சி. கறுப்பும் பழுப்புமாக ஓர் ஆண் நாய் வந்தது. ரோமம் கண்ணாடிபோல மின்னியது. நீளமென்றால் அப்படி ஒரு நீளம். தரைக்கும் மார்புக்கும் இரண்டு விரல் இடைவெளிதான். அது நடந்தால் புல்லின் மேல் வழுக்கிக்கொண்டு போவதுபோல இருந்தது, சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அதற்குப் பின்னால் செம்பழுப்பு நிறத்தில் ஒரு பெண் நாய். சற்றே குட்டை, உயரமும் கொஞ்சம் கூடுதல், ரோமத்திலும் பளபளப்பில்லை. ஆனால் முன்காலை நீட்டி, பின்காலால் உந்தி, நடை என்றால் அதுதான் நடை. என் விரல்களுக்கு எது நல்ல நாய் என்று தெரிந்திருந்தது. கைதட்டல் என் காதில் இருந்தது. ஆண் நாய்க்கு முதலிடம் கொடுத்தேன்.

முதலிடம் என்பது வெறும் கோப்பை இல்லை. அந்த நாயைத் தேடி நான்கு மாநிலங்களிலிருந்து பெண் நாய்களைக் கொண்டுவந்தார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து வேறோர் ஊர்க் கண்காட்சியில் ஒருவர் என்னிடம் வந்து, அதன் மகன்களில் இரண்டுக்குப் பின்கால்கள் செயலிழந்துவிட்டன என்றார். குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை, செய்தியாகத்தான் சொன்னார். நான் விலங்கியல் படித்தவள். இரண்டு நாய்களை வைத்துக் காரணம் கண்டுபிடிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். இந்த இனத்தின் குட்டைக் காலுக்குக் காரணம் ஒரு வளர்ச்சி மரபணுவின் கூடுதல் நகல் என்பது 2009-இல் தெரிந்தது. அதே மரபணுவின் இன்னொரு நகல் 12-ஆம் குரோமோசோமில் உட்கார்ந்துகொண்டு, முதுகெலும்பு வட்டுகளை இளம் வயதிலேயே இறுகவைக்கிறது என்பது 2017-இல் தெரிந்தது. அந்த நகல் டாஷ்ஹண்டுகளில் மிகப் பரவலாக இருக்கிறது, அந்தச் செம்பழுப்பு நாய்க்கும் இருந்திருக்கலாம். ஆனாலும் நல்ல விலாக்கூடும் அளவான நீளமும் உள்ள நாயை விட்டுவிட்டு மற்றதைக் குட்டிபோட வைத்தது என் கை. அதற்குப் பிறகு கைதட்டல் கேட்கும்போதெல்லாம் நாயை இன்னொரு முறை நடக்கச் சொல்கிறேன்.

டென்மார்க், நார்வே, பின்லாந்து நாடுகளில் இனப்பெருக்கத்துக்கு முன் நாய்க்கு 2 வயதிலிருந்து 4 வயதுக்குள் முதுகை எக்ஸ்ரே எடுத்து, சுண்ணாம்பு படிந்த வட்டுகளை எண்ணுகிறார்கள். எண்ணிக்கை குறைவான நாய்களையே சேர்க்கிறார்கள். குட்டி வாங்கப் போகிறவர்கள் தாய் தகப்பனின் கோப்பைகளைப் பார்ப்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் நம் ஊரிலும் எடுக்கத் தொடங்குவார்கள்.

வி. பி., கோவை: என் குட்டி ‘மினியேச்சர்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். இப்போது ஒன்றரை வயது. எப்படி உறுதிசெய்வது?

டேப்பை எடுத்து மார்பின் சுற்றளவை அளந்து பாருங்கள். எஃப்.சி.ஐ. வரையறையில் அளவைத் தீர்மானிப்பது எடை அல்ல, 15 மாதம் நிறைந்த பிறகு எடுக்கும் மார்புச் சுற்றளவு. ஆண் நாய்க்கு 37 செ.மீ.க்கு மேல் 47 வரை இருந்தால் வழக்கமான அளவு, 32-க்கு மேல் 37 வரை மினியேச்சர், அதற்கும் கீழே 27 வரை போனால் ‘கனின்ஹன்’, அதாவது முயல் வளைக்குள் புகும் அளவு. பெண் நாய்க்கு ஒவ்வொன்றிலும் 2 செ.மீ. குறைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் கணக்கே வேறு: அங்கே மினியேச்சருக்குத் தராசுதான், 5 கிலோவுக்கு மேல் போகக் கூடாது.

இரண்டு மாதக் குட்டியைக் கையில் வைத்துக்கொண்டு இது மினியேச்சர் என்று யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது என்பது இப்போது புரிந்திருக்கும்.

ஜே., தூத்துக்குடி: புள்ளி புள்ளியாக இருக்கும் ‘டாப்பிள்’ நிறம் எனக்கு மிகவும் பிடிக்கும். இரண்டு டாப்பிள்களைச் சேர்த்தால் இன்னும் அழகான குட்டிகள் வருமா?

செய்யவே செய்யாதீர்கள். தகப்பனிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று என்று அந்த மரபணு இரண்டாகச் சேர்ந்த குட்டி கண் தெரியாமலோ காது கேளாமலோ பிறக்கக்கூடும். சில குட்டிகளுக்குக் கண்ணே சரியாக உருவாகாது. ஒரு டாப்பிளை ஒற்றை நிற நாயோடுதான் சேர்க்க வேண்டும். வெள்ளை வெளேரென்ற குட்டியை ‘அபூர்வ நிறம்’ என்று அதிக விலைக்கு விற்க வந்தால், அதன் முதுகுக்குப் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள்.

ஆர். என்., சென்னை: போன மாதம் என் நாய்க்குக் கடைசி இடம். நடுவர் இரண்டே நிமிடம் பார்த்தார். முதலிடம் வாங்கியவர் அவருக்குத் தெரிந்தவர் என்கிறார்கள். இதில் நியாயம் உண்டா?

அந்த ரிங்கில் நான் இல்லை. அதனால் அந்த நடுவரைப் பற்றிப் பேச எனக்கு வாயில்லை. பொதுவாகச் சொல்கிறேன். இரண்டு நிமிடம் குறைவான நேரமல்ல, பழகிய கைக்கு அது போதும். நடுவரிடம் நாயின் பெயரோ உரிமையாளர் பெயரோ அச்சிட்ட கேட்லாக் இருக்கக் கூடாது. கையில் கட்டியிருக்கும் எண் மட்டும்தான் தெரிய வேண்டும். ஆனால் ஓர் இனத்துக்கான கிளப் என்பது சிறிய ஊர் மாதிரி, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். எனவே தெரிந்தவரா என்பதல்ல, தெரிந்தவரின் நாயையும் தெரியாதவரின் நாயையும் ஒரே கையால் தொட்டாரா என்பதுதான் கேள்வி. என் வீட்டில் பிறந்த நாயின் குட்டி வரிசையில் நிற்கும் என்று தெரிந்தால் அந்த அழைப்பை நான் ஏற்பதில்லை. முந்தின இரவு போட்டியாளர் வீட்டில் சாப்பிடுவதும் இல்லை.

இன்னொன்று உங்கள் உரிமை. எல்லாப் போட்டிகளும் முடிந்த பிறகு நடுவரிடம் போய், “என் நாயிடம் என்ன குறை பார்த்தீர்கள்?” என்று மரியாதையாகக் கேளுங்கள். ஜெர்மனியிலும் ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் ஒவ்வொரு நாய்க்கும் நடுவர் அங்கேயே வாய்மொழியாகச் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதி, உரிமையாளர் கையில் கொடுத்துவிடுகிறார்கள். முதலில் வந்த நாய்க்கும் குறை எழுதியிருக்கும், கடைசியில் வந்த நாய்க்கும் நிறை எழுதியிருக்கும். நம் கிளப்புகள் எல்லாவற்றிலும் அந்த வழக்கம் வர வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் நாயின் எடை 14 கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள். வழக்கமான அளவு நாய்கூட பிரிட்டிஷ் கணக்கில் 12 கிலோவைத் தாண்டாது. நீங்கள் அனுப்பிய படத்தில் இடுப்பே தெரியவில்லை. விலாமேல் விரலை ஓட்டினால் ஒவ்வொரு எலும்பும் தட்டுப்பட வேண்டும். தயிர்சாதத்தையும் மாலை பிஸ்கட்டையும் நிறுத்துங்கள். கோப்பைக்காகச் சொல்லவில்லை, அந்த முதுகு சுமக்கும் கூடுதல் எடைக்காகச் சொல்கிறேன்.

டி., நாகர்கோவில்: டாஷ்ஹண்ட் ஒலிம்பிக் சின்னமாக இருந்ததாமே?

ஆமாம். 1972, மியூனிக். பெயர் வால்டி. பல வண்ணப் பட்டைகளோடு பொம்மையாக வந்தது. அந்த ஒலிம்பிக்கின் மாரத்தான் ஓட்டப் பாதையையே டாஷ்ஹண்ட் உருவத்தில் அமைத்தார்கள்.

எம். கே., விருதுநகர்: சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் பிறந்த மண்ணில் இருந்துகொண்டு ஜெர்மன் நாய்க்கு இவ்வளவு பரிவு ஏன் அம்மா?

கேள்வியில் வருத்தம் தெரிகிறது. அந்த வருத்தம் எனக்கும் உண்டு. 2005-இல் இந்திய அஞ்சல் துறை நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது ராஜபாளையமும் அதில் இருந்தது. அந்தத் தபால்தலையை இன்னும் வைத்திருக்கிறேன். இந்தியக் கென்னல் கிளப்பின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. நம் இனங்களுக்குத் தனிக் கண்காட்சிகள் இன்னும் நிறைய வர வேண்டும்.

ஆனால் பரிவைப் பங்குபோட வேண்டியதில்லை. உங்கள் பக்கத்தில் சிப்பிப்பாறை முயல் விரட்டுவதைச் சிறுவயதில் பார்த்தவள் நான். காற்றைக் கிழித்துக்கொண்டு ஓடும் அந்த ஒடுங்கிய வயிறும் ஆழ்ந்த மார்பும் நீண்ட காலும் ஓட்டத்துக்காகவே வந்தவை. அதன் காலை யாராவது குட்டையாக்கி ‘வீட்டுக்கு ஏற்ற சிப்பிப்பாறை’ என்று விற்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்? டாஷ்ஹண்டை நீட்டி நீட்டித் தரையோடு தேய்க்கிறபோது எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. ஜெர்மனியில் இந்த நாய்க்கான டெக்கல் கிளப்பை 1888-இல் தொடங்கியவர்களுக்கும் வேட்டையும் நாயும் ஒன்றோடொன்று சேர்ந்தவைதான். இன்றும் அங்கே காயம்பட்ட மானின் இரத்தத் தடத்தை மோந்துகொண்டு போகும் தேர்வு இந்த நாய்க்கு உண்டு.

பெயர் வேண்டாம், திருச்சி: எங்கள் ஐந்து வயது டாஷ்ஹண்ட் நேற்றிலிருந்து சோபாவில் ஏறவில்லை. தூக்கினால் கத்துகிறது. முதுகை வளைத்துக்கொண்டு நிற்கிறது. பாட்டிக்குக் கொடுக்கும் வலி மாத்திரையில் பாதி கொடுக்கலாமா?

இந்தக் கடிதம் என் கைக்கு வந்த அன்றே இதற்குப் பதில் சொல்லிவிட்டேன். உறையில் தொலைபேசி எண் இருந்தது நல்லதாயிற்று. ஆனாலும் இங்கே எழுதுகிறேன், வேறு வீடுகளிலும் இதே கேள்வி எழும்.

மனிதர்களின் வலி மாத்திரை கூடவே கூடாது. ஐபுபுரூஃபன் நாய்க்கு விஷம். ஏறத் தயங்குவது, முதுகு வளைவது, தொட்டால் கத்துவது, பின்கால் தள்ளாடுவது, நடக்கும்போது நகம் தரையில் உரசுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். பின்கால்கள் அடியோடு விழுந்துவிட்டால் மணிக்கணக்குதான், அறுவைச் சிகிச்சை வசதியுள்ள இடத்துக்கே நேராகப் போய்விடுங்கள். தூக்கும்போது ஒரு கை மார்புக்கு அடியில், இன்னொரு கை பின்பாகத்துக்கு அடியில். முதுகு மேசைபோல மட்டமாக இருக்கட்டும். குழந்தையைத் தூக்குவதுபோலக் கைகளுக்கு அடியில் பிடித்துத் தொங்கவிடாதீர்கள்.

அந்த வீட்டுப் பெண்மணி ஃபோனிலேயே அழுதார். அன்று மாலையே மருத்துவரிடம் கொண்டுபோனார்கள். வட்டு பிதுங்கியிருக்கிறது, கால்களில் உணர்வு இருக்கிறது, மருந்தோடு நான்கு வாரம் கூண்டு ஓய்வு என்று சொல்லியிருக்கிறார். ஓடக் கூடாது, படி கூடாது, சோபா கூடாது. சிறுநீர் கழிக்க மட்டும், இடுப்புக்கு அடியில் துண்டைக் கொடுத்துத் தாங்கிப்பிடித்து வெளியே கொண்டுபோக வேண்டும். டைல்ஸ் தரை முழுக்கக் கோரைப்பாய் விரிக்கச் சொன்னேன், விரித்துவிட்டார்கள். மாமியார் கூண்டுக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுக்கிறாராம்.

பதினோராம் நாள் காலை மீண்டும் அழைத்தார். துண்டு நழுவியிருக்கிறது. நாய் விழவில்லை, நான்கு காலிலும் நின்று, துளசி மாடத்துப் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறது. நகம் தரையில் உரசும் சத்தம் கேட்டதா என்று கேட்டேன். கேட்கவில்லை என்றார். இன்னும் பதினேழு நாள் கூண்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.